மற்பிளொட்லிப்: ஒரு வரைபுக் கருவியின் வரலாறும் அதனைக் காத்தோரும்

தொழினுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நீராவி இயந்திரத்தைப் பற்றிப் பேசுமிடத்து ஜேம்ஸ் வாற் நினைவுகூரப்படுகிறார். அவ்வியந்திரங்களுக்கு நாள்தோறும் எண்ணெயிட்டு, தேய்ந்த உறுப்புக்களை மாற்றி, கொதிகலன் வெடித்துவிடாமற் பார்த்துக்கொண்ட தொழிலாளர் நினைவுகூரப்படுவதில்லை. இதனை வரலாற்றாசிரியரின் அசட்டை என்று மட்டும் கூறிவிட முடியாது. ஆக்கம் ஒரு நிகழ்ச்சியாகத் தோன்றுகிறது. அதற்கு ஓர் ஆண்டும் ஒரு பெயரும் எளிதிற் கிடைத்துவிடுகின்றன. பராமரிப்போ, அது செவ்வனே நடைபெறும் வரையில், எதுவுமே நடைபெறாதது போன்றே காட்சியளிக்கும். அதனை எழுதப் புகுபவர் எங்கே தொடங்குவது என்று தடுமாறுவது இயல்பே.

இக்கட்டுரை கணினி மென்பொருள் ஒன்றின் வரலாற்றை அவ்வகையில் நோக்க முயல்கிறது. மற்பிளொட்லிப் என்பது அதன் பெயர். எண்களைக் கொடுத்தால் அவற்றைக் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் சலாகைகளாகவும் வரைந்து தரும் நிரற்றொகுதி அது. பைதன் என்னும் கணினி மொழியில் நிரல் எழுதுவோர் அதனைத் தம் நிரலுக்குள் அழைத்துப் பயன்படுத்துவர். இத்தகைய நிரற்றொகுதிகளை நூலகம் என்றே கணினித் துறையினர் வழங்குவர். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். எனவே அது திறந்த மூல மென்பொருள் எனப்படுகிறது. விஞ்ஞானபீட நண்பர்களின் ஆய்வேடுகளைப் புரட்டிப் பார்த்த எவரும் இதன் கைவண்ணத்தைக் கண்டிருப்பர். ஆயினும், வரைபின் கீழ்த் தரவு எங்கிருந்து பெறப்பட்டதென எழுதுவோர், அவ்வரைபை வரைந்த கருவியைக் குறிப்பிடுவது அரிது.

கலைப்பீட மாணவர் ஒருவருக்கு இதில் என்ன வேலை என்ற வினா எழலாம். இம்மென்பொருளில் நிகழ்ந்த மாற்றம் ஒவ்வொன்றும் யாரால், எந்நாளில், எந்த வரியிற் செய்யப்பட்டது என்பது பதிவாகியுள்ளது. 2011 இல் இத்திட்டம் கிற்ஹப் என்னும் தளத்துக்கு மாற்றப்பட்டபோது பழைய பதிவுகளும் உடன் கொண்டுசெல்லப்பட்டன. கல்வெட்டொன்றில் அரை வரி சிதைந்திருந்தால் அதன்மீது தலைமுறை தலைமுறையாக வாதிடும் வரலாற்று மாணவருக்கு இஃது ஒரு பெருஞ்செல்வம். எனினும் இச்செல்வத்தை அள்ளிக்கொண்ட பின்னரும் ஒரு குறை எஞ்சுகிறது: எது மாற்றப்பட்டது என்பதை அப்பதிவுகள் தவறாமற் கூறுகின்றன, ஏன் மாற்றாமல் விடப்பட்டது என்பதை அவை கூறுவதில்லை. பராமரிப்பின் பெரும்பகுதி மாற்றாமல் விடுவதிலேயே அடங்கியுள்ளது என்பதை முன்னரே சொல்லி வைப்பது நன்று.

இந்நூலகத்தின் தோற்றம் மருத்துவமனையோடு தொடர்புடையது. 2000 ஆம் ஆண்டையடுத்த காலத்தில் ஜோன் ஹன்ரர் என்பவர் சிக்காக்கோப் பல்கலைக்கழகத்தில் நரம்புயிரியல் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். மருந்துக்கு அடங்காத வலிப்பு நோயாளருக்குச் சத்திரசிகிச்சை செய்யுமுன், வலிப்பு மூளையின் எப்பகுதியில் எழுகிறது என்பதை அறிய வேண்டும். அதற்காக மூளையின் மேற்பரப்பிலேயே மின்வாய்கள் வைக்கப்பட்டு மின்னலைகள் பதிவு செய்யப்படும். அப்பதிவுகளைத் திரையில் வரைந்து பார்ப்பதற்கு அவருடைய ஆய்வுகூடத்தில் விலைகொடுத்து வாங்கிய மென்பொருள் ஒன்று இருந்தது. ஆனால் அதற்கு ஒரேயோர் உரிமமே இருந்தது. கணினியிற் செருகினாலன்றி அது இயங்காத வகையில் சிறு சாவி ஒன்றும் அதனுடன் வழங்கப்பட்டிருந்தது. மாணவர், மருத்துவர், ஆய்வாளர் என அனைவரும் அச்சாவிக்காக முறைவைத்துக் காத்திருந்தனர். இதனை ஹன்ரரே பின்னாளில் எழுதியுள்ளார்.

அவர் முதலில் மற்லப் என்னும் வணிக மென்பொருளைக் கொண்டு மாற்றுவழி தேடினார். எண்வரிசைகளைக் கையாள்வதில் மற்லப் மிகச் சிறந்தது. ஆனால் ஒரு நோயாளியின் ஊடுகதிர்ப் படமும், காந்தப் பரிவுப் படமும், மின்னலைப் பதிவும் வெவ்வேறு கணினிகளிற் சிதறிக் கிடக்கும் நிலையில் அவற்றைத் தொகுத்துக் கையாள அதனால் இயலவில்லை. ஆகவே அவர் பைதனுக்கு வந்தார். அங்கே கணிப்புக்குரிய வசதிகள் இருந்தன; மற்லப்பில் இருந்தது போன்ற வரையும் வசதி இருக்கவில்லை. 2002 இல் அவர், பேர்னாண்டோ பெரேஸ் என்பவர் ஆக்கி வந்த ஐபைதன் என்னும் கருவிக்கு ஒரு திருத்தத்தை அனுப்பினார். அங்கிருந்தவாறே நு-பிளொட் என்னும் பழைய வரைபுச் செயலியை மற்லப் பாணியில் இயக்குவதே அதன் நோக்கம். பெரேஸ் அப்போது கலாநிதிப் பட்ட ஆய்வேட்டை முடிக்கும் அவசரத்தில் இருந்தமையால் அத்திருத்தத்தைப் பார்க்க அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. ஹன்ரர் தாமே புதிதாக எழுதத் தொடங்கினார். மற்பிளொட்லிப்பின் முதற்பதிப்பு 2003 இல் வெளிவந்தது. ஒருவருடைய ஆய்வேட்டுக் கெடு மற்றொருவரின் கையில் இவ்வாறு ஒரு நூலகமாக விளைந்ததை, கெடுக்களின் மத்தியில் வாழும் நாம் ஆறுதலோடு நோக்கலாம்.

அது மற்லப்பைப் பார்த்து எழுதப்பட்டது என்பதை ஹன்ரர் மறைக்கவில்லை. பெயரே அதற்குச் சான்று. மற்லப்பிற் பழகியவர்கள் பைதனுக்கு வரவேண்டுமாயின், அவர்களுடைய விரல்கள் பழகிய கட்டளைகளே இங்கும் இருக்க வேண்டுமென அவர் கருதினார். அக்கணிப்பு பலித்தது. ஆனால் அதற்குரிய விலை இன்றுவரை செலுத்தப்படுகிறது. பைதன் மொழியில் எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்கும்; மற்லப்பில் ஒன்றிலிருந்து தொடங்கும். மற்பிளொட்லிப்பிற் பெரும்பாலும் பைதனின் வழக்கே ஆளுகின்றபோதும், ஒரே தாளில் பல வரைபுகளை அடுக்கும் பழைய கட்டளையில் முதலாவது வரைபின் இலக்கம் ஒன்று. புதிதாகக் கற்போர் இங்கே இடறுவர். இதனை வழு என்று கருதித் திருத்த முன்வருவோரும் இருக்கலாம். ஆயின் திருத்தினால் இருபதாண்டுக் காலத்தில் எழுதப்பட்ட நிரல்களெல்லாம் பிழையான இடத்தில் வரையத் தொடங்கும். மொழியியலார் கிளைமொழிகளிற் பழைய வழக்கின் எச்சங்களைத் தேடுவதுபோல, இக்கட்டளையில் மற்லப்பின் எச்சத்தை நாம் இன்றும் காணலாம்.

இன்னொரு எச்சம் இதனிலும் பெரியது. இந்நூலகத்தோடு உரையாட இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று மற்லப்பைப் பின்பற்றியது. எந்த வரைபு பற்றிப் பேசுகிறோம் என்பதைக் கூறாமலே, இறுதியாகத் தொட்ட வரைபின்மீது கட்டளைகள் செயற்படும். மற்றையது ஒவ்வொரு வரைபையும் பெயர் சுட்டி அழைப்பது. முன்னையது சிறு வேலைகளுக்கு எளிது. பின்னையது பெரிய நிரல்களுக்கு இன்றியமையாதது. பாட நூல்களும் விரிவுரைக் குறிப்புக்களும் இரண்டையும் கலந்தே கற்பித்து வந்துள்ளன. இந்த இரட்டை வழக்குக்கு நூலகத்தை ஆக்கியோரும் பொறுப்பேற்கத்தான் வேண்டும். ஆரம்பத்திலேயே ஒன்றை முதன்மைப்படுத்தியிருப்பின் பல்லாயிரம் மாணவரின் குழப்பம் தவிர்க்கப்பட்டிருக்கும் என்பது எமது எண்ணம்.

நூலகம் விரைவாகப் பரவியது. ஹபிள் தொலைநோக்கியின் விஞ்ஞானப் பணிகளை நடத்தும், போல்ற்றிமோர் நகரிலுள்ள விண்வெளித் தொலைநோக்கி விஞ்ஞான நிறுவகம் அதன் ஆரம்ப ஆண்டுகளிலேயே அதனைத் தனது வரைபுக் கருவியாக ஏற்றுப் பொருளுதவியும் செய்தது. வணிக நிறுவனங்களும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்க தளர்வான உரிமமொன்றை ஹன்ரர் அதற்கு அளித்திருந்தமையும் பரவலுக்குத் துணைசெய்தது. 2007 இல் அவர் எழுதிய சிறு கட்டுரையொன்று இந்நூலகத்தைப் பயன்படுத்துவோர் மேற்கோள் காட்டும் மூலமாயிற்று. 2008 இல் பீனிக்ஸ் விண்கலம் செவ்வாயில் இறங்கியபோது அதன் தரவுகள் இந்நூலகத்தைக் கொண்டு வரையப்பட்டன. ஹன்ரரோ அதற்கு முன்னரே பல்கலைக்கழகத்தை விட்டு நிதிச்சந்தை நிறுவனம் ஒன்றிற் பகுப்பாய்வாளராகச் சேர்ந்துவிட்டார். செவ்வாய்வரை சென்ற ஒரு கருவியின் தலைமைப் பராமரிப்பாளர் அதனைத் தம் ஓய்வு நேரத்திலேயே பராமரித்து வந்தார் என்பது இங்கே மனங்கொள்ளத்தக்கது.

2012 ஆம் ஆண்டு ஜூலையில் ரெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரில் நடைபெற்ற விஞ்ஞானப் பைதன் மாநாட்டில் ஹன்ரர் முதன்மையுரை நிகழ்த்தினார். திரும்பியதும் அவருக்குப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. சிகிச்சையினால் ஏற்பட்ட சிக்கல்களால் அவ்வாண்டு ஓகஸ்ற் 28 இல் அவர் காலமானார். அவருக்கு வயது 44. பைதன் மென்பொருள் மன்றம் தனது சிறப்புச் சேவை விருதை முதன்முதலாக அவருக்கே வழங்கியது.

கண்டுபிடித்தோரின் வரலாறு இவ்விடத்தில் முடிந்துவிடும். எமது வரலாறு இங்கேதான் தொடங்குகிறது. நூலகத்தின் பொறுப்பு மைக்கல் ட்றெட்பூம் என்பவரிடம் சென்றது. அவர் மேற்கூறிய போல்ற்றிமோர் நிறுவகத்திற் பணியாற்றியவர். கணிதக் குறியீடுகளை அச்சுத் தரத்தில் அமைக்கும் பகுதியை ஏற்கெனவே எழுதியவர். அவருக்குப் பின் தோமஸ் கஸ்வெல் தலைமையேற்றார்; அவர் புறூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தைச் சேர்ந்தவர். இவர்களோடு பல நாடுகளிலும் இருந்து பங்களிக்கும் தொண்டர்கள் இருந்தனர். இவர்களுட் பெரும்பாலோருக்கு நூலகத்தைப் பராமரிப்பது ஊதியம் பெறும் முழுநேரத் தொழிலாக இருக்கவில்லை.

அவர்கள் ஏற்றுக்கொண்ட சொத்து எத்தகையது? ஆரம்பக் காலத்தில் நூலகத்துக்கு முறையான தன்னியக்கச் சோதனைகள் இருக்கவில்லை. ஒரு பக்கத்தில் வழுவைத் திருத்தினால் மறுபக்கத்தில் நேற்றுவரை சரியாக இயங்கியது கெட்டுவிடும். கெட்டது பயனாளர் முறையிடும்போதே தெரியவரும். ஹன்ரரும் ட்றெட்பூமும் சேர்ந்து எழுதி 2012 இல் வெளிவந்த கட்டுரையொன்றில் இதனை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டுள்ளனர். பின்னர் சோதனைகள் சேர்க்கப்பட்டன. வரைபுக் கருவியின் சோதனை வித்தியாசமானது. கூட்டற் கணக்குக்கு விடை ஒன்றே. வரைபு சரியா என்பதை எவ்வாறு கணினி அறியும்? சரியென்று மனிதர் ஏற்றுக்கொண்ட படங்களை முன்மாதிரியாகச் சேமித்து வைத்து, ஒவ்வொரு மாற்றத்தின் பின்னரும் புதிதாக வரைந்த படத்தைப் பழைய படத்தோடு புள்ளி புள்ளியாக ஒப்பிடுவதே அவர்கள் கண்ட வழி. இவ்வழியின் நன்மையையும் தீமையையும் பின்னர் காண்போம்.

இதற்கிடையில் அடித்தளமே அசைந்தது. பைதன் மொழியின் மூன்றாம் பதிப்பு, இரண்டாம் பதிப்பில் எழுதிய நிரல்களை ஏற்காத வகையில் அமைந்திருந்தது. மற்பிளொட்லிப் இரண்டிலும் இயங்க வேண்டியிருந்தது. 2012 நவம்பரில், ஹன்ரர் மறைந்து சில மாதங்களுக்குள், மூன்றாம் பதிப்பிலும் இயங்கும் முதல் வெளியீடு வந்தது. 2018 இல் வெளிவந்த மற்பிளொட்லிப் 3.0 பழைய பைதனை முற்றாகக் கைவிட்டது. பழையதில் தங்கியிருந்தோருக்காக முந்திய வெளியீடு ஒன்று 2020 தொடக்கம் வரை பேணப்பட்டது. ஆறு ஆண்டுகளாகச் செய்யப்பட்ட இவ்வுழைப்பினால் எந்தவொரு பயனாளரும் புதிதாக ஒரு கோட்டைத்தானும் வரைய முடியவில்லை. நேற்று வரைந்ததை இன்றும் வரையலாம் என்பதே அவர்களுக்குக் கிடைத்த பயன்.

பராமரிப்பாளர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிய சந்தர்ப்பமும் உண்டு. அது பற்றிச் சற்று விரிவாகக் கூறல் தகும். ஏனெனில் பழமையைக் காத்தல் சில வேளைகளில் தீங்கும் ஆகலாம். வெப்பநிலை, உயரம் போன்ற அளவுகளை நிறங்களாக மாற்றி வரையும்போது எந்த அளவுக்கு எந்த நிறம் என்ற ஒழுங்கு தேவை. மற்லப்பிலிருந்து வந்த ஜெற் என்னும் ஒழுங்கே பயனாளர் வேறொன்றைக் கேட்காதவிடத்து வழங்கப்பட்டு வந்தது. கருநீலத்தில் தொடங்கி மஞ்சள் ஊடாகச் சிவப்பில் முடியும் அவ்வொழுங்கு பார்வைக்குக் கவர்ச்சியானது. ஆனால் அதன் பிரகாசம் சீராக ஏறுவதில்லை. நடுவில் உச்சம் பெற்று இரு முனைகளிலும் இருண்டுவிடும். இதனால் தரவில் இல்லாத எல்லைக்கோடுகள் படத்தில் இருப்பதாகக் கண் மயங்கும். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் மிகக் குறைந்த அளவும் மிகக் கூடிய அளவும் ஒன்றுபோலத் தோன்றும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கு நிறப்பார்வைக் குறைபாடு உண்டு. அவர்களுக்கு இப்படங்கள் மேலும் குழப்பமானவை. ஹார்வார்ட்டில் மருத்துவ மாணவரைக் கொண்டு நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வொன்றில், இருதய நாடிகளின் படங்களில் வானவில் நிறங்களுக்குப் பதிலாக வேறொரு நிறவொழுங்கு பயன்படுத்தப்பட்டபோது ஆபத்தான பகுதிகளை அவர்கள் கூடுதலாகக் கண்டறிந்தனர். நிறத் தெரிவு அழகியற் பிரச்சினை மாத்திரமன்று.

ஸ்டெபான் வான் டெர் வோல்ற், நதானியல் ஸ்மித் ஆகிய இருவரும் மனிதக் கண்ணின் இயல்பை ஆராய்ந்து புதிய நிறவொழுங்கொன்றை அமைத்து 2015 இல் முன்வைத்தனர். ஊதாவில் தொடங்கிப் பச்சை வழியே மஞ்சளில் முடியும் அதற்கு, பச்சையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான விறிடிஸ் என்பது பெயராயிற்று. மூலவடிவமாகிய மற்லப்பும் 2014 இலேயே ஜெற்றைக் கைவிட்டிருந்தது. 2017 ஜனவரியில் வெளியான மற்பிளொட்லிப் 2.0 விறிடிஸை இயல்பான ஒழுங்காக ஏற்றது. ஆயினும் பழைய தோற்றத்தை ஒரே வரிக் கட்டளையால் மீளப் பெறும் வசதியும் விட்டுவைக்கப்பட்டது. இரண்டாம் பதிப்பு என்ற பேரிலக்கம் தோற்ற மாற்றத்துக்காகவே ஒதுக்கப்பட்டதிலிருந்து, இயல்பாக அமையும் நிறத்தை மாற்றுதல் எவ்வளவு பாரதூரமானதெனப் பராமரிப்பாளர் கருதினர் என்பது புலனாகும். எமக்கோ அம்மாற்றம் பத்தாண்டு முன்னரே வந்திருக்க வேண்டியதாகத் தோன்றுகிறது.

மேலோட்டமாகப் பார்ப்போர் காணாத அடுக்குகளும் இந்நூலகத்துள் உள. திரையில் ஒரு சாய்கோட்டை வழவழப்பாக வரைந்து புள்ளிகளாக மாற்றும் வேலையைச் செய்வது அக் என்னும் வேறொரு நிரற்றொகுதி. மக்சிம் ஷெமனாரெவ் என்பவர் எழுதியது அது. 2006 இல் அவர் அதன் உரிமத்தைக் கடுமையாக்கினார். எனவே தளர்வான உரிமத்தோடு வெளியான முந்திய பதிப்பின் பிரதியையே மற்பிளொட்லிப் தன்னுள் வைத்துக்கொண்டது. 2013 இல் ஷெமனாரெவ் காலமானார். ஹன்ரரின் நிரலைக் காப்பவர்கள், அதனூடே தாம் நேரிற் பழகியிராத இன்னொருவரின் நிரலுக்கும் காவலராயினர். ஆய்விதழ்களில் வெளிவரும் எத்தனையோ வரைபுகளின் கோடுகள் இன்றும் அவருடைய கணிப்பு முறையினாலேயே வழவழப்புப் பெறுகின்றன.

2019 ஏப்ரில் 10 ஆம் திகதி, ஏறத்தாழ 5 கோடியே 50 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எம் 87 என்னும் பால்வெளியின் நடுவிலுள்ள கருந்துளையின் படம் உலகுக்குக் காட்டப்பட்டது. அப்படத்தை உருவாக்கிய நிரல்கள் மற்பிளொட்லிப் உள்ளிட்ட திறந்த மூல நூலகங்களின்மீது எழுந்தவை; ஆய்வாளர் தம் கட்டுரையில் ஹன்ரரின் 2007 ஆம் ஆண்டுக் கட்டுரையையும் குறிப்பிட்டிருந்தனர். அதே ஏப்ரில் மாதம், ஐந்து நாட்கள் கழித்து, இந்த விஞ்ஞானப் பைதன் நூலகங்களுக்கு நிதியுதவி கோரிய விண்ணப்பமொன்றை ஐக்கிய அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான மன்றம் நிராகரித்தது. இம்மென்பொருள்களின் தாக்கம் போதாது என்பதே கூறப்பட்ட காரணம் என நேச்சர் சஞ்சிகை அவ்வாண்டு எழுதியது.

இதனை அதிகாரிகளின் அறியாமை என்று நகைத்துவிட்டு அப்பாற் செல்வது எளிது. ஆனால் நிதி வழங்கும் அமைப்புக்கள் புதியன படைத்தலையே ஆராய்ச்சியென அளக்கின்றன. மூன்றாண்டில் எதைக் கண்டுபிடிப்பீர்கள் என்பதே அவற்றின் வினா. எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை, உள்ளது உடையாமற் பார்த்துக்கொள்வோம் என்று விண்ணப்பத்தில் எழுத முடியாது. பல்கலைக்கழகங்களும் இதே அளவுகோலையே பதவியுயர்வுக்குப் பயன்படுத்துகின்றன. ஆய்வுக் கட்டுரைக்குப் புள்ளி உண்டு. பிறர் எழுதிய நிரலில் வழு நீக்கியதற்குப் புள்ளி இல்லை. எமது விரிவுரையாளர்கள் இதனை வாசிக்கும்போது நூலகங்களில் சுவடிப் பட்டியல் தயாரித்தோரையும், அகராதிகளைத் திருத்திப் பதித்தோரையும் நினைத்துக்கொள்வார்களாயின் மகிழ்வோம். 2019 நவம்பரில் சான் – சக்கபேர்க் அறக்கட்டளை, இருக்கும் திறந்த மூல மென்பொருள்களைப் பேணுவதற்கென்றே வழங்கத் தொடங்கிய முதற்சுற்று நிதியில் மற்பிளொட்லிப்புக்கும் பங்கு கிடைத்தது. நன்றே. ஆனால் உலக விஞ்ஞானத்தின் பொதுச் சொத்தொன்று தனியார் செல்வரின் விருப்பத்தில் தங்கியிருத்தல் நிலையான ஏற்பாடாகாது.

பழையதை இவ்வளவு பாடுபட்டுக் காப்பதைவிடப் புதிதாக ஒன்றை எழுதிவிடலாமே என்போரும் உளர். எழுதியும் இருக்கின்றனர், போக்கே, பிளொட்லி, அல்ரெயர் என்பன அவ்வாறு தோன்றியவை. உலாவியில் அசையும் வரைபுகளுக்கு அவையே மேலானவை. ஆயினும் அவை வந்தபின்னும் பழையது ஒதுங்கவில்லை. பழைய ஆய்வொன்றின் வரைபை அதே நிரலால் மீண்டும் வரைந்து சரிபார்க்க வேண்டுமெனில் அதே நூலகம் இயங்க வேண்டும். அன்றியும் சீபோர்ன் போன்ற பிற நூலகங்கள் இதன்மீதே கட்டப்பட்டுள்ளன. எனவேதான் ஒரு கட்டளையை நீக்க முடிவெடுத்த பின்னரும், பராமரிப்பாளர் அடுத்தடுத்த இரு வெளியீடுகளிலாவது எச்சரிக்கையோடு அதனை இயங்கவிட்டே பின்னர் நீக்குகின்றனர்.

இவ்வளவும் எமக்குத் தெரியவந்தது ஒரு சிறு மனக்கசப்பினாலே. புவியியற் பாடப் பயிற்சியொன்றுக்காக யாழ்ப்பாணத் தீவுப்பகுதிகளின் குடித்தொகையைச் சலாகை வரைபாக வரைய முற்பட்டோம். ஊர்ப் பெயர்களைத் தமிழிற் கொடுத்தபோது வெறுங் கட்டங்களே தோன்றின. நூலகத்தோடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்துருவொன்றைச் சுட்டிக் காட்டியதும் எழுத்துக்கள் வந்தன; ஆனால் நெடுந்தீவின் முதலெழுத்தில் நகரத்துக்கு முன் நிற்கவேண்டிய கொம்பு அதற்குப் பின்னே போய் நின்றது. வேலணையிலும் அவ்வாறே. காரைநகரில் ஐகாரக் குறி ரகரத்துக்கு வலப்புறம் ஒதுங்கிற்று. ஊர்காவற்றுறையின் இறுதியெழுத்தும் தப்பவில்லை. கணினி நினைவகத்திற் கொம்பு மெய்யின் பின்னரே சேமிக்கப்படுகிறது. திரையில் அதனை முன்னே கொண்டுவருவது எழுத்துக்களைச் சேர்த்தமைக்கும் தனியொரு நிரலின் வேலை. நாம் பயன்படுத்திய பதிப்போ எழுத்துக்களைச் சேமித்த வரிசைப்படியே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியது. இலத்தீன் எழுத்துக்கு அது போதும். தமிழுக்கும் சிங்களத்துக்கும் அரபுக்கும் போதாது.

இருபதாண்டு கடந்த மென்பொருளொன்றில் இதைத்தானும் செய்யவில்லையா என்று அப்போது சினந்தோம். காரணம் பின்னரே விளங்கிற்று. முன்னர் கூறிய ஒப்பீட்டுப் படங்களை நினைவுகூர்க. எழுத்துக்களை வரைய இந்நூலகம் பயன்படுத்தும் பிரீரைப் என்னும் நிரற்றொகுதியின் பதிப்பு மாறினால் ஒவ்வோர் எழுத்தின் விளிம்பும் மயிரிழையளவு மாறும். எழுத்துள்ள முன்மாதிரிப் படங்கள் யாவும் ஒரேயடியாகப் பிழையெனக் காட்டப்படும். உண்மையான வழு எதுவெனப் பிரித்தறிய முடியாது போகும். ஆகவே 2015 இல் வெளிவந்த ஒரு பதிப்பிலேயே சோதனைகள் பல்லாண்டுகளாக நிலைநிறுத்தப்பட்டன. எழுத்துப் பகுதியைத் தொடுவது எல்லாவற்றையும் தொடுவதாகிவிடும். நூலகத்தைக் காத்த அதே சோதனைகளே நமது கொம்பையும் தடுத்து நின்றன. 2022 இல் வெளிவந்த 3.6 ஆம் பதிப்பில், ஓர் எழுத்துருவில் இல்லாத எழுத்தை மற்றோர் எழுத்துருவிலிருந்து பெறும் வசதி சேர்க்கப்பட்டது. பிரீரைப்பைப் புதுப்பிப்பதையும் எழுத்துச் சேர்க்கையையும் ஒன்றாகவே செய்து, முன்மாதிரிப் படங்களை ஒரே தடவையில் மாற்றிவிடும் முயற்சி அதன் பின்னர் கையிலெடுக்கப்பட்டது. அதனைச் செய்தோருட் பலர் தமிழோ சிங்களமோ வாசிக்க அறியாதவர்.

எமது பயிற்சியை ஒப்படைக்கவேண்டிய நாள் அதற்குக் காத்திருக்கவில்லை. ஊர்ப் பெயர்களுக்குரிய இடங்களை வெறுமையாக விட்டு வரைபை அச்சிட்டு, நெடுந்தீவு, வேலணை, காரைநகர், ஊர்காவற்றுறை என்று கறுப்பு மையினாற் கையாலே எழுதிக் கொடுத்தோம்.